ஐந்தொகை

செக்காலை ரோட்டில் எங்கள் பிளெக்ஸ் கடை.
பங்குனியோடு எழுவர் ஆட்டக்காரர்களுக்கு
ஒப்பந்தம் முடியும்.
அடுத்த பேனர் ஏறும்வரை
யாருடைய ஆளும் இல்லை அவர்கள்.

யார் எங்கே போனான் என்பது
அவன் வீட்டுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும்.
போன வருஷச் சட்டையிலிருந்து தலையை வெட்டி
இந்த வருஷச் சட்டையில் ஒட்டுகிறவன் நான்.

டீக்கடைக்குப் போனால் விடுவதில்லை:
"பூமிநாதா, இந்தத் தடவ யாருக்கு லாபம்?"

புதுவயல் ஏழில் ஐந்தை மாற்றிவிட்டது.
அரிசி ஆலைப் பணம், தவிடாகக் கொட்டியது.
மஞ்சேரியிலிருந்து மூன்று பேர்,
திருச்சியிலிருந்து ஒருத்தன்,
கானாவிலிருந்து குவாமே.
குவாமேயின் தோளுக்கு என் டெம்ப்ளேட் போதவில்லை,
இரண்டு பக்கமும் இழுத்துவிட்டேன்.
ஐந்து பேருமே பந்தை வாங்கி அடிக்கிறவர்கள்.
கொடுக்கிறவன் யார் அண்ணே என்றேன்.
மேனேஜர் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தேவகோட்டை வாங்கியது ஒரு பெயரை.
சேவியர் ராயன்.
பெயருக்கு மட்டும் பேனரில் மூன்றடி கேட்டார்கள்.
அனுப்பிய போட்டோவில்
இடது முழங்காலில் கட்டு இருந்தது.
அழித்துத் தரச் சொன்னார்கள்.
அழித்தேன்.
படத்தில்.

பள்ளத்தூருக்கு வேண்டியது தம்பி ஹமீம்.
அண்ணன் இல்லாமல் வரமாட்டேன் என்றானாம்.
தம்பிக்கு எழுபதாயிரம், அண்ணன் கொசுறு.
அந்தக் கொசுறுக்கு இரண்டு காலும் ஓடும்;
போன மாசம் மழைச் சேற்றில் பார்த்தேன்,
கீழே விழுந்தபடியே ஒரு பாஸ் கொடுத்தான்.
இன்னும் அவனுக்கு ஜெர்சி எண் கூடச் சொல்லவில்லை.

கோட்டையூர் யாரையும் வாங்கவில்லை.
பழைய பேனரில் வருஷத்தை மட்டும் மாற்று என்றார்கள்.
ஒரே ஒரு இலக்கம்.
நூற்றைம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் பேரம்.
கஞ்சப் பயலுக என்றது டீக்கடை.
நான் கோட்டையூருக்குத்தான் முதலிடம் தருவேன்.
அந்த ஏழு பேரில்
ஒருத்தன் மூக்கைத் துடைத்தால்
இன்னொருத்தன் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரிந்துகொள்கிறான்.
அதற்கு எந்த ஊரிலும் விலை போட்டதில்லை.

எங்கள் முதலாளி வயிரவன் ஒத்துக்கொள்ளவில்லை.
"வரவு மட்டும் பாத்தா ஐந்தொகை வருமா?
பத்தையும் எழுது" என்றார்.
சரிதான். யார் வந்தார்கள் என்றே
எல்லோரும் கைதட்டுகிறோம்.

பற்று: புதுவயல் விட்ட கோல்கீப்பர் அருளாந்து.
ஆறு வருஷம். வயது முப்பத்தாறு.
என் கம்ப்யூட்டரில் அவர் முகம்
'பழசு' என்ற போல்டரில் இருக்கிறது.

நேற்று அவரே வந்தார், டிவிஎஸ் வண்டியில்.
பந்து விஷயமாக இல்லை.
மகளுக்குப் புதுநன்மை, ஆறுக்கு நாலு பேனர் ஒன்று.
வெள்ளைக் கவுன், கையில் மெழுகுவர்த்தி,
பின்னால் புறா வேண்டும் என்றார். இரண்டு புறா.

சுவரில் புதுவயல் பேனர் காய்ந்துகொண்டிருந்தது.
ஆறு முகம்.
ஏழாவது, தலையில்லாத பச்சைச் சட்டை,
கழுத்துக்கு மேலே 'விரைவில்'.

ரொம்ப நேரம் பார்த்தார்.
"காலர் இறுக்கமா வச்சிருக்கானுக.
குறுக்க பாயிறப்ப இழுக்கும்."
பிறகு,
"சைஸ் என்ன?"

"படந்தானண்ணே, சைஸ் கிடையாது."

பேரம் பேசாமல் முழுப் பணமும் கொடுத்தார்.
ஐம்பது ரூபாய் கூடவே இருந்தது,
கூப்பிடுவதற்குள் வண்டி பெரியார் சிலை தாண்டிவிட்டது.

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
'பழசு' போல்டரைத் திறந்தேன்.
அந்தத் தலையைப் பச்சைச் சட்டைமேல் வைத்தேன்.
இழுக்கவோ குறுக்கவோ வேண்டியிருக்கவில்லை.
சேமிக்கவா என்று கேட்டது.
வேண்டாம் என்று அமுக்கினேன்.

ஆறுக்கு நாலை மெஷினில் ஏற்றினேன்.
முதலில் புறாக்கள் வந்தன,
பிறகு முக்காடு,
அப்புறம் அப்பனுடைய அதே நெற்றி.